ஒன்பது நொடி

துவாலையில் சுற்றிய எலி
என் இடது கைக்குள் துடிக்கிறது.
அதன் வால்நுனியை விளக்குக்கு நேரே பிடிப்பது என் வேலை.
கடிகாரத்தை அழுத்துவது ஒட்டாவியோவின் வேலை.
சூடு ஏறும். வால் சுண்டும்.
மூன்று நொடி.
நோட்டில் எழுதுவான். அடுத்த எலி.
மூன்று. மூன்றேகால். மூன்று.

பிறகு கண்ணாடிக்கு அந்தப்புறம் பாம்பை விடுவார்கள்.
போன வாரம்தான் தின்று முடித்த
சோம்பேறி மலைப்பாம்பு.
எலிக்கு அது தெரியாதே.
ஓடும், எகிறும், கடைசியில் ஒரு மூலையில்
மூச்சையும் ஒளித்துக்கொண்டு கல்லாகும்.
அப்படியே அள்ளிவந்து வாலை நீட்டினால்
நாலு, ஐந்து, ஆறு,
விளக்கு எரிகிறது, வால் கிடக்கிறது,
ஒன்பது.
வெந்துவிடக் கூடாதென்று பத்தில் அணைத்துவிடுவோம்.

ஏன் என்று முதல் மாதமே கேட்டேன்.
டாக்டர் ஹெலோயிசா தீவன ரசீதின் பின்பக்கம் வரைந்தார்:
மேலே மூளை, கீழே தண்டுவடம்,
இடையில் கட்டைவிரல் போல் ஒரு தண்டு.
"இங்கிருந்து ஓர் உத்தரவு இறங்கும்.
வலி ஏறிவரும் வாசலில் போய்
இப்போது வேண்டாம், பிறகு வா என்று கதவைச் சாத்தும்.
உயிர் ஓடவேண்டிய நேரத்தில்
காயத்தை நக்கிக்கொண்டிருக்க முடியுமா?"
அபின் மாதிரி ஒன்றை உடம்பே காய்ச்சிக்கொள்கிறதாம்.
அதை முறிக்கும் மருந்தை ஊசியில் ஏற்றினால்
பாம்பு முன்னாலேயே இருந்தாலும்
மறுபடி நாலு நொடி.

மூளைத்தண்டு என்றார்.
எனக்குத் தெரிந்த தண்டு வேறு.
செர்த்தாவுசீனோ பக்கம் பதினோரு பருவம் வெட்டிய தண்டு.
கொளுத்திவிட்ட வயல், கரி அப்பிய கரும்பு,
அடிக்கணுவில் ஒரு வெட்டு, கொழுந்தில் ஒரு வெட்டு.
ஒருநாள் காற்று திரும்பிக்கொண்டது.
பக்கத்து வயலுக்கு வைத்த தீ
எங்கள் வரிசைக்குள் நடந்து வந்தது.
ஓடினோம்.
லாரி நிற்கும் செம்மண் பாதையில்
ஜெனிவால்டோ தண்ணீர்க் குடுவையை நீட்டி,
"இவோனெத்தி, உன் கால்" என்றான்.
பூட்ஸ் பிளந்திருந்தது. உள்ளே கால் பிளந்திருந்தது.
என் கத்தி என்னை எப்போது வெட்டியது?
அதுவரை அது யாருடைய காலோ.
ஒரு மிடறு தண்ணீர். லாரியின் நிழல்.
உட்கார் என்று ஒரு குரல்.
அவ்வளவுதான்.
வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுக்
கதவைத் தட்டும் கடன்காரன் போல
வந்தது வலி, வட்டியோடு.

மூன்றாம் வரிசைக் கூண்டுகளுக்குப் பாம்பு கிடையாது.
ஒருநாள் படுக்கை ஈரம். ஒருநாள் கூண்டு சாய்ந்திருக்கும்.
நடு இரவில் விளக்கெரியும், இன்னொரு நாள் எரியாது.
பெரிதாக ஒன்றுமில்லை. பத்து நாள்.
பதினோராம் நாள் வாலை நீட்டினால்
இரண்டு நொடி. சிலது அதற்கும் முன்னாலேயே.
ஒட்டாவியோவுக்கு ஆச்சரியம்:
"அதே தண்டுதான்!
சாத்தவும் தெரிகிறது, அகலத் திறந்துவைக்கவும் தெரிகிறது."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எடைபோடும் மேஸ்திரி எந்த நாள் எவ்வளவு குறைப்பான் என்று
தெரியாமல் விடிந்த காலைகளில்
என் மணிக்கட்டில் ஈ உட்கார்ந்தாலும் வலித்தது.
எந்த மருத்துவமனையும் அதில் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

மாலை. எல்லோரும் போய்விட்டார்கள்.
ஜன்னல் விளிம்பில் எங்கிருந்தோ வந்த கரும்புச் சாம்பல்,
விரல் பட்டால் நொறுங்கும் கறுப்பு நூல்.
ஒன்பது நொடி எலியை அதன் கூண்டில் விடுகிறேன்.
முதலில் அசையவில்லை.
பிறகு தன் மரத்தூளை முகர்கிறது,
இன்னொரு முறை முகர்கிறது,
மெல்ல வாலை முன்னங்கைகளில் எடுத்து
நுனியை நக்கத் தொடங்குகிறது.

நோட்டில் இதற்குக் கட்டம் இல்லை.
ஐந்தேமுக்கால் பேருந்தை விட்டுவிட்டேன்.
அது நக்கி முடிக்கட்டும்.